வேறு நீலம்

பலகை எழுத வந்த சேண்பாக்கத்து பெயிண்டர்
நான் கேட்காமலே கடைசி வரியில்
‘நன்றி மீண்டும் வருக’ என்று போட்டுவிட்டார்.
எல்லாக் கடைக்கும் அதுதானாம், அதற்குத் தனிக்கூலி இல்லை.

சந்து முனையில் திரும்பினால் ஆஸ்பத்திரி.
என்னிடம் வாடகைக்குக் கிடைப்பவை
ஒற்றை பர்னர் அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர்,
பாய், தலையணை, வெந்நீர் பிளாஸ்க்.
வருகிறவர்கள் மால்டா, தன்பாத், அகர்தலா.
இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்து
ஒரு ஸ்கேனுக்காகப் பதினோரு நாள் காத்திருப்பவர்கள்.
அவர்களிடம் எப்படிச் சொல்வது
மீண்டும் வருக என்று?

பின்பாதியை அழிக்கச் சொன்னேன்.
அழித்த இடம் மட்டும் கொஞ்சம் வேறு நீலம்.

கடன் கொடுத்த வங்கி
சத்துவாச்சாரியில் மூன்று நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டது.
ஏசி அறை, சமோசா. டை கட்டிய பையன் சொன்னான்:
தொழில் செய்கிறவர்கள் தூங்கப் போகும்முன்
தினம் மூன்று நன்றி எழுதவேண்டும்,
மனசு லேசாகும், வியாபாரம் பெருகும்.
பேரணாம்பட்டில் ஷூ அப்பர் தைக்கும் ஷாஹிதா
என் காதில்
‘மூணு தவணை கட்டினா மனசு லேசாகாதா’ என்றாள்.

சிரித்துவிட்டுத்தான் வந்தேன்.
ஆனாலும் அன்றிரவு வாடகை நோட்டைத் திருப்பிப்போட்டு
பின்பக்கத்திலிருந்து எழுதினேன்.
ஒன்று, கரண்ட் போகவில்லை.
இரண்டு, சிலிண்டர்க்காரர் முணுமுணுக்காமல் மாடி ஏறினார்.
மூன்று, இன்று பன்னிரண்டு அடுப்பு வெளியே போயிருக்கிறது.

அங்கே பேனா நின்றது.
பன்னிரண்டு அடுப்பென்றால்
பன்னிரண்டு பேர் படுத்திருக்கிறார்கள்.
யாருக்கு நன்றி சொல்கிறேன்?
கிட்னிக்கா, கட்டிக்கா?
ஒரு வாரம் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

எட்டாம் நாள், ஷட்டர் அடியில் ஒரு குக்கர்.
சந்தியா மண்டல் எடுத்துப்போனது.
புளி போட்டுத் தேய்த்ததில் உள்ளே என் முகம் தெரிந்தது.
புது கேஸ்கெட்.
பக்கவாட்டுச் சொட்டையைத் தட்டி நிமிர்த்தியிருந்தாள்.
அவள் போட்ட சொட்டையே இல்லை அது.
அவளுக்கு முன்னால் நாலு பேரிடம்
அதே சொட்டைக்கு ஐம்பது ஐம்பதாய்ப் பிடித்திருக்கிறேன்.

அட்வான்ஸ் எண்ணூறைக் கேட்கவே இல்லை.
லாட்ஜ் பையன் சொன்னான்,
‘முந்தாநாள் ராத்திரி அவங்க வீட்டுக்காரர் போயிட்டார்க்கா.
பாலாத்தங்கரையில எல்லாம் முடிச்சிட்டு
இப்பத்தான் காட்பாடிக்கு ஆட்டோ ஏறினாங்க.’

ஸ்கூட்டியை எடுத்தேன். மேம்பாலத்தில் நிறைய லாரி.
ரயில் இன்னும் வந்திருக்கவில்லை.
எனக்குத் தெரிந்த வங்காளி
எத்தனை நாள், எவ்வளவு ரூபாய், அவ்வளவுதான்.
பணத்தை நீட்டினேன்.
எண்ணினாள். ஒரு விரலைக் காட்டி
ஒருநாள் வாடகை பாக்கியென்று
நாற்பது ரூபாயைத் திருப்பித் தந்தாள்.
வாங்கிக்கொண்டேன்.
மறுத்திருந்தால் அவளைப் பிச்சைக்காரியாக்கியிருப்பேன்.

நன்றி என்று அவளும் சொல்லவில்லை, நானும்.
சொந்தக்காரர்களிடம் யார் அதைச் சொல்கிறார்கள்?

சொட்டைக்கு இப்போது பிடித்தம் இல்லை.
மாதம் அறுநூறு ரூபாய் நஷ்டம், எழுதி வைத்திருக்கிறேன்.
வியாபாரம் பெருகியதா என்று டை கட்டிய பையன் கேட்டால்
நேராகப் பதில் சொல்லத் தெரியாது.
ஊரிலிருந்தே துண்டுச்சீட்டோடு வருகிறார்கள் சிலர்.
வங்காளி எழுத்து. படிக்கச் சொல்லிக் கேட்டேன்:
‘ராணி தீதி, குக்கர் நல்லது.’
மங்கையர்க்கரசி என்ற என் பெயரை
யாரோ அவ்வளவு தூரம் சுருக்கிக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

நோட்டின் பின்பக்கம் மறுபடி ஓடுகிறது.
மூன்றென்று கணக்கில்லை, சில நாள் ஒன்றுதான்.
போன அடுப்பை எழுதுவதில்லை.
நேற்று எழுதியது:
பதினாலாம் நம்பர் அடுப்பு திரும்பி வந்தது.
தூக்கி வந்தவர் நோயாளியே.

ஐப்பசி மழையில் பலகைப் பூச்சு உரிந்து
‘மீண்’ வரைக்கும் தெரிய ஆரம்பித்துவிட்டது.
பெயிண்டருக்கு போன் போடவேண்டும்.